குதிரை இல்லாத குற்றம்

1

இந்தக் கதையின் ஊற்றுக்கண் ஆழ்ந்த கலைத் தேடல் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் அது அக்காவின் போன்.

"உன் அத்தான் படம் திரைப்பட விழாவுக்கு வந்திருக்கு. வெஸ்டர்ன் பிரிவு, அதான் கௌபாய் படம். மூணு பேர் தேர்வுக் குழுவுல நீயும் ஒருத்தன். அது வெஸ்டர்ன் இல்லேன்னு சொல்லிட்டு என் வீட்டு வாசப்படி ஏறிடாதே."

(உறவுமுறை குழுவுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்துவிட்டது, மூச்சு விடாதீர்கள்.)

2

முதல் தொடக்கம்: செம்புழுதி பறக்க, வெயிலை முதுகில் சுமந்தபடி ஓர் அந்நியன்...

வேண்டாம். அத்தான் படத்தில் புழுதியே கிடையாது. எல்லாம் டைல்ஸ்.

இரண்டாம் தொடக்கம்: பன்னிரண்டு மாடிக் கட்டடம். லிஃப்ட் ஓடவில்லை. குடியிருப்போர் சங்கத் தலைவர் இருப்பது கீழ்த்தளத்தில். ஆகவே ஓடவும் விடமாட்டார். கருவிப்பெட்டியோடு ஒரு மெக்கானிக் பைக்கில் வருகிறான். வாய் திறப்பதில்லை. படிக்கட்டில் தலைவரும் அவனும் நேருக்கு நேர். ஸ்பேனரை உருவுகிறான். லிஃப்ட் ஓடுகிறது. "இருந்துட்டுப் போயேன்" என்கிறாள் மேல்மாடிக்காரி. அவன் மாலை வெயிலில் பைக்கைத் தள்ளிக்கொண்டு தனியே நடந்துபோகிறான்.

சுருக்கிச் சொன்னால் பிரமாதமாகத்தான் இருக்கிறது. படம் இரண்டரை மணி நேரம்.

3

குழுவில் இருந்த பேராசிரியரை எப்படி எழுதினாலும் வாசகர் நம்பப்போவதில்லை. ஏ.சி. அறைக்குள்ளும் அகலத் தொப்பியைக் கழற்றாதவர்.

"குதிரை எங்கே?" என்றார்.

"பைக் இருக்கே சார்" என்றார் குழுவின் மூன்றாம் ஆளான தியேட்டர்காரர்.

"பெட்ரோல் குடிக்கிறதெல்லாம் குதிரை ஆயிடாதுய்யா."

"அட, கடைசியில தனியாப் போறான் பாருங்க, எனக்குத் தொண்டையே அடைச்சிடுச்சு. தொண்டை அடைச்சா வெஸ்டர்ன்."

(இதே தொண்டையை வைத்து முந்தின நாள் ஒரு பேய்ப்படத்தையும் வெஸ்டர்ன் என்று சாதித்தவர் இவர்.)

பேராசிரியர் எழுந்து பலகையில் இலக்கணம் வகுத்தார். வறண்ட நிலம் வேண்டும். குதிரை வேண்டும். துப்பாக்கி வேண்டும். வெளியூர்க்காரன் வந்து, சிக்கலைத் தீர்த்து, போய்விடவும் வேண்டும். அத்தானை வெளியே நிறுத்தத்தான் வேலி போட்டார். ஆனால் வந்திருந்த படங்களையெல்லாம் வேலிக்குள் விட்டுப் பார்த்தபோது தேறியது ஒன்றே ஒன்று: பிரிவு மாறி எங்களிடம் வந்துவிட்ட கால்நடைத் துறைப் பயிற்சிப் படம். வறண்ட ஊர், சீக்குக் குதிரை, தடுப்பூசித் துப்பாக்கி, வெளியூர் டாக்டர், மாலையில் புறப்படும் ஜீப்.

பேராசிரியர் அசரவில்லை. "நுட்பமான படைப்பு" என்றார்.

[இங்கே 'வகைமை என்பது படத்துக்குள் இருக்கிறதா, பார்ப்பவனுக்குள் இருக்கிறதா' என்று ஒரு பத்தி இருந்தது. எனக்கே கொட்டாவி வந்ததால் எடுத்துவிட்டேன்.]

4

பிரிவில் ஓர் இடம்தான். மற்ற விழாக்களெல்லாம் அத்தானுக்குக் கையை விரித்துவிட்டன; இங்கேயும் இல்லையென்றால் அந்தப் படத்தை அக்கா மட்டும்தான் பார்த்திருப்பாள்.

"லிஃப்ட் படம் வெஸ்டர்ன்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் பேராசிரியர், தன் கைகளைக் கட்டிக்கொண்டு.

தியேட்டர்காரர் தூக்கினார். என் கை மேசைக்கு ஒரு சாண் மேலே போய் நின்றுவிட்டது. அந்த மெக்கானிக் நடந்துபோனபோது எனக்கும் தொண்டை அடைத்தது, பொய்யில்லை. அடைத்தது எனக்கா, அக்காவின் தம்பிக்கா?

5

கை உயர்ந்தால் அக்கா வீட்டுக் கதவு திறக்கும்; இது குடும்பக் கதையாகிவிடும். உயராவிட்டால், நியாயஸ்தன் என்ற பெயரோடு, போக ஒரு வீடில்லாமல், மாலை வெயிலில் நான் தனியே நடக்கவேண்டும். அப்போது இது அசல் வெஸ்டர்ன். குதிரை இல்லை என்று பேராசிரியர் இதையும் தள்ளிவிடுவார்.

எந்த வகை வேண்டும்? சீக்கிரம் சொல்லுங்கள், தோள்பட்டை கடுக்கிறது.

மேசைமேல் என் போன் அதிர்கிறது. திரையில் 'அக்கா'. பேராசிரியர் தொப்பி விளிம்பை ஒரு விரலால் உயர்த்திப் படிக்கிறார். தியேட்டர்காரர் என் கையைப் பார்க்கிறார்.

நான் உங்களைப் பார்க்கிறேன்.