அரசியின் பெஞ்சில் ஆறு மூட்டை

கஹிகினாவுக்குக் கறையான் பார்ப்பது தொழில். அந்தத் தீவில் அவன் தட்டிப் பார்க்காத மரம் குறைவு. ஆனால் தினமும் லாரியில் கடந்துபோகும் பவளக்கல் தேவாலயத்துக்குள் நாற்பத்திரண்டு வயதில் அன்றுதான் கால் வைத்தான். அவன் அப்பா கரும்புத் தோட்டத்தில் முதுகு போனவர். ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தூங்குகிற நாள். வீட்டில் எல்லோருக்கும் அதே மதம்தான்.

அந்தக் காலத்து அரசியின் பெஞ்சைச் சோதிக்கத்தான் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். அதை முன்வரிசையில் தேடினான். அது கடைசியில், வாசலை ஒட்டி, அரச சின்னமான இரண்டு இறகுக் கம்பங்களுக்கு நடுவில் கிடந்தது.

"என்ன ஆன்ட்டி, ராணியைக் கடைசியில போட்டிருக்கீங்க? லேட்டா வருவாங்களா?"

தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் உலுலானி முறைத்தாள். "அங்க உக்காந்தாத்தான் எவன் தூங்குறான், எவன் நழுவுறான்னு தெரியும். உங்கப்பன் மாதிரி ஆளுங்களுக்காகப் போட்ட இடம்டா."

"எங்கப்பா நழுவல ஆன்ட்டி. வரவே இல்ல."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் இல்லை. வருகிற ஞாயிறு அரசியின் பிறந்தநாள் ஆராதனை. அரச வம்சத்து லுகியா அம்மாள் வருஷாவருஷம் அன்றைக்கு மட்டும் வந்து அந்தப் பெஞ்சில் உட்காருவார். பெஞ்சு ஆளைத் தாங்காது என்றால் நகரத்து அருங்காட்சியகத்துக்கு ஏற்றிவிடுவது என்று சபைக் கமிட்டி முடிவு செய்திருந்தது. தாங்கும், தாங்காது என்று இரண்டு கட்டம் போட்ட காகிதம் கஹிகினாவின் சட்டைப் பையில் இருந்தது.

அவன் தரையில் மல்லாந்து படுத்து பெஞ்சுக்கு அடியில் நகர்ந்தான். கசகசா மாதிரி கறையான் எச்சம் முகத்தில் கொட்டியது. துப்பிவிட்டுத் திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே போனான். கோவா என்கிற அந்தத் தீவு மரம் கிண்ணென்று பேசியது. நடுவில் மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டின சத்தம்.

"என்னடா சொல்லுது?"

"நடுவுல தின்னிருக்கு. எவ்வளவு தின்னிருக்குன்னு தட்டித் தெரியாது. உக்காந்து பாத்தாத்தான் தெரியும்."

"யாரு? நீயா? உன் பின்பக்கமா?" ஆன்ட்டியின் குரல் கூரைவரை போயிற்று. "முப்பது வருஷமா தொடைக்கிறேன். நானே ஒரு கை ஊனினதில்ல!"

"அப்ப நீங்க உக்காருங்க."

"நாக்கு அழுகிடும்டா உனக்கு."

கஹிகினா யோசித்தான். பின்கட்டுச் சமையலறையில் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு இறக்கிய அரிசி அவன் கண்ணில் பட்டிருந்தது. மூட்டை ஐம்பது ராத்தல். "அரிசிக்கு வம்சம் கிடையாதே ஆன்ட்டி. அது உக்காரலாமா?"

ஆன்ட்டி உள்ளே போய்ப் புதுப்பாய் ஒன்றை எடுத்துவந்து பெஞ்சில் விரித்தாள்.

ஒவ்வொன்றாக ஏற்றினான். மூன்று வரை மூச்சில்லை. நாலுக்கு முனகியது. ஐந்தை வைத்ததும் நடுப்பலகை ஒரு விரற்கடை இறங்கி நின்றது. அவன் அவசரமாக அதை இறக்கினான்.

"நாலு. இருநூறு ராத்தல். அந்தம்மா எவ்வளவு இருப்பாங்க?"

"பெரிய வீட்டுப் பொம்பளைகிட்ட எடை கேக்கச் சொல்றியா?"

"நீங்க கேக்கலேன்னா ஞாயித்துக்கெழம பெஞ்சு கேக்கும்."

ஆன்ட்டி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஜன்னல் வழியே பார்த்தான். அவள் நிமிர்ந்து நின்று, குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள். திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"ஆறு மூட்டையாம்."

"கோபமா?"

"சிரிக்கிறாங்கடா. பதினோரு வருஷமா பாதி உடம்பைக் கால்ல தாங்கிக்கிட்டுத்தான் உக்காந்திருக்காங்களாம். எப்ப ஒடியுமோன்னு பயந்து பிரசங்கம் ஒரு வார்த்தை காதுல விழுந்ததில்லையாம். ஏதாவது முட்டுக் குடுக்க முடியுமான்னு உன்னக் கேக்கச் சொன்னாங்க."

"முடியும்."

"ஆணி கூடாது."

"ஆணி எதுக்கு? சும்மா நிக்கும்."

லாரியில் ஓஹியா மரத்துண்டு ஒன்று கிடந்தது. இரும்பு மாதிரி மரம். அளந்து அறுத்து, நடுப்பலகைக்கு அடியில் செருகிச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டினான். மறுபடி மூட்டைகள் ஏறின. ஐந்து. ஆறு. ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டாள். ஏழு, எட்டு. பெஞ்சு வாயே திறக்கவில்லை.

கஹிகினா வியர்வையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை விரித்தான். தாங்கும் என்ற கட்டத்தில் குறி போட்டு, பக்கத்தில் எழுத ஆரம்பித்தான்.

ஆன்ட்டி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "முட்டுக்கட்டைன்னு எழுதியே ஆகணுமா?"

"ஆகணும். நாளைக்கு எவனாவது பெருக்குறேன்னு உருவிட்டான்னா?"

அவள் கொஞ்சநேரம் அந்தக் கட்டையைக் குனிந்து பார்த்தாள்.

"அப்ப நல்ல கட்டைன்னு எழுது."