குத்தாத பிக்கப்

மண்டபத்துக்காரர் சொன்னது ஒரே வார்த்தைதான். இரைச்சல்.

சனிக்கிழமைக் கச்சேரி முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மேடையோரம் வந்து நின்றார். "உன் கிட்டார் இரைச்சல் தாங்கலம்மா. முன்வரிசை முழுக்கக் காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கு. அடுத்த சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா கிட்டார் வேணாம். கீபோர்டு வாசிக்க ஆள் ரெடியா இருக்கு. உன் தம்பி பாடட்டும், உன் வீட்டுக்காரர் டிரம்ஸ் அடிக்கட்டும். நீ வந்து கைதட்டு."

கடைசி வார்த்தைதான் அவளுக்கு உறைத்தது. கைதட்டுவதற்கா இத்தனை வருஷம் விரல் தேய்ந்தது?

அவளுக்குப் பட்டறையில் தீப்பொறி என்று பெயர். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றி எடுத்தால் ஓரமெல்லாம் பிசிறு நிற்கும். அந்தப் பிசிறைக் கிரைண்டிங் மெஷினால் தேய்த்து வழிப்பது அவள் வேலை. நாளெல்லாம் மெஷின் இழுத்த இழுப்புக்கு ஆடுகிற கை, வாரத்தில் ஒரு சாயங்காலம் மட்டும் தன் இஷ்டத்துக்கு ஆடும். அதை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

இரைச்சல் இருப்பது அவளுக்கும் தெரியும். மண்டபத்துக் குழல் விளக்குகளைப் போட்டதுமே கிட்டாருக்குள் ஒரு வண்டு புகுந்துகொள்ளும். உம்மென்று அது பாட்டு முழுக்கக் கூடவே வரும். நோய் தெரிந்தால் மருந்து தெரிந்துவிடும் என்று நினைத்தாள்.

"பிக்கப்பை மாத்தப் போறேன்" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

கணவன் பிக்கப் வண்டியில் சரக்கு ஏற்றுகிறவன். சட்டென்று நிமிர்ந்தான். "என் வண்டியையா?"

"உன் வண்டியை எவன் வாங்குவான்? கிட்டார் பிக்கப்பைச் சொல்றேன்."

"வண்டி மேடு ஏறப் பிக்கப் இல்லாம ஆஸ்துமாக்காரன் மாதிரி இழுக்குது. அதைக் கவனிக்க ஆளில்லை. அந்தக் கட்டை எந்த மேட்டை ஏறப் போகுது, அதுக்குப் பிக்கப்பு?"

"யோவ், கம்பிக்குக் கீழே இருக்கே காந்தம், அதைச் சுத்தி மெல்லிசா செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். அதுதான் பிக்கப். நான் தட்டுறதை ஸ்பீக்கர்கிட்ட போய்ச் சொல்றது அதுதான். இப்ப அது இல்லாததையும் பொல்லாததையும் சேர்த்துச் சொல்லுது."

"அப்ப அது உங்க சொந்தக்காரங்க மாதிரியேதான்" என்றான் கணவன். தம்பி சிரிப்பான் என்று பார்த்தாள். தம்பி சிரிக்கவில்லை. தன் மாமாவை, அவள் கணவனைப் பார்த்தான். கணவன் தரையைப் பார்த்தான். இவர்களுக்குள் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. பசி நேரம், அவள் அதை நோண்டவில்லை.

மறுநாள் தம்பியைக் கூட்டிக்கொண்டு கிட்டார் கடைக்குப் போனாள். தம்பி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனுக்கு ஓய்வு. கடைக்காரர் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த பெரிய உருவம். கிட்டாரை வாங்கிப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஒத்தைச் சுருள் போட்டிருக்கு. எங்க கரண்ட் ஓடினாலும் உம்முனு இழுத்துக்கும். ரெட்டைச் சுருள் போட்டுக்குங்கம்மா. ஒண்ணு இழுக்குற இரைச்சலை இன்னொண்ணு எதிர்ப்பக்கம் இழுத்து அடிச்சிடும். ரெண்டு பங்காளிங்க மல்லுக்கு நின்னா சொத்து யாருக்கும் போகாது பாருங்க, அந்தக் கணக்கு."

சுவரில் மூன்று கிட்டார் தொங்கின. மூன்றிலும் மூன்று வகை ரெட்டைச் சுருள். வாசித்துப் பார்த்துப் பிடித்த சுருளை எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

முதல் கிட்டார் போர்வைக்குள்ளிருந்து பாடியது. இரண்டாவதில் போர்வை கொஞ்சம் மெல்லிசு, அவ்வளவுதான். மூன்றாவதில் விரலை வைத்ததும் அவள் முகம் மலர்ந்தது. சத்தத்தைக் கூராக்குகிற டோன் குமிழைக் கடைசிவரை திருகினாள். சாணை பிடித்த கத்திபோல் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக வந்து நின்றது. உம் என்ற வண்டு செத்தே போயிருந்தது.

"இதைக் கட்டுங்க."

கடைக்காரர் கட்டவில்லை. வாசலருகே நின்றிருந்த ஒருவர் போன் பேசுவதுபோல் வெளியே நழுவினார். தம்பி இரண்டு கையாலும் காதை மூடிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இது வேணாம்."

"ஏன்டா? உம் போயிடுச்சில்ல?"

"உம் போயிடுச்சு. மண்டபத்துக்காரர் சொன்ன இரைச்சல் போகலை. இன்னும் அதிகமாயிடுச்சு."

"அவர் சொன்னதே அந்த உம்மைத்தானே?"

"இல்லக்கா. அந்தக் கிரீச்சை."

"எந்தக் கிரீச்?"

கடைக்காரர் சுத்தமாயிருந்த மேஜையைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

"எந்தக் கிரீச்னு கேக்குறேன்."

"மழைக்காலத்துல காய்ச்சல் பாக்குற மெஷின் வாங்கிட்டு வரச் சொன்னியே, ஞாபகம் இருக்கா? பீப் அடிக்கலை, கெட்டுப் போச்சுன்னு திருப்பிக் குடுத்தே. வேற கொண்டுவந்தேன். அதையும் கெட்டுப் போச்சுன்னு குடுத்தே. கடையில வெச்சுப் பாத்தேன்க்கா. ரெண்டும் நல்லாத்தான் பீப் அடிச்சுது."

அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கணவன் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, பீப் சத்தமே கேட்காமல் அவள்மேல் மோதுகிற மாதிரி வந்து நின்றது. பட்டறையில் பழைய ஆட்கள் எல்லோரும் சண்டை போடுகிற மாதிரியே பேசுவது. அது அவர்கள் சுபாவம் என்று நினைத்திருந்தாள். சுபாவம் இல்லை, மெஷின் தின்ற மிச்சம். காதில் உச்சச் சத்தம் கேட்கிற மேல்பக்கத்தை மட்டும் தின்றுவிட்டு அடிப்பக்கத்தை விட்டுவைத்திருக்கிறது. கேட்காத பக்கத்தைக் கேட்கவைக்கத்தான் அவள் குமிழைத் திருகிக்கொண்டே போயிருக்கிறாள். ஊர் காதைப் பொத்தியிருக்கிறது.

"அப்பவே ஏன்டா சொல்லலை?"

"மாமாதான் வேணாம்னாரு."

"ஓ. மாமனும் மச்சானும் பேசி முடிச்சாச்சு. செவிட்டு ஆர்மோனியப் பெட்டியை இனி எந்த மூலையில வைக்கலாம்னு."

"அப்படி இல்லக்கா. விடு, உனக்கு எது சரியா வரும்னு நானே கேட்டு எடுத்துத் தர்றேன்."

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபத்தை ஏற்றியது.

"நீ எடுத்துத் தருவியா? இன்னைக்கும் நீ போட்டிருக்குற சட்டை நான் எடுத்தது. என் கிட்டாருக்கு நான்தான் எடுப்பேன். உன் காது மட்டும் கொஞ்சம் வாடகைக்கு வேணும். அப்படித் திரும்பி நில்லு. நான் வாசிக்கிறேன். குத்துச்சுன்னா கையைத் தூக்கு. என் முகத்தைப் பாத்தா பாவம் பாப்பே, அதனால சுவரைப் பாரு."

"நானும் நிக்கட்டுங்களா?" என்றார் கடைக்காரர்.

"நில்லுங்க. புண்ணியமாப் போகும்."

இருவரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். அப்போது கம்பி வாங்க வந்த ஒரு பெண், இவர்களைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள். "என்ன சார், வீட்டுப்பாடம் எழுதலையா?"

மூன்றாவது கிட்டாரில் குமிழை எங்கே வைத்தாலும் இரண்டு கையும் மேலேயே நின்றன. அதைத் திரும்பச் சுவரில் மாட்டிவிட்டாள். எடுத்ததை மாட்டுவதற்கு மனசு வரவில்லை. ஆனாலும் மாட்டினாள். முதல் கிட்டாரில் கை எழும்பவே இல்லை. ஆனால் தன் விரல் எங்கே விழுகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டாவதில் குமிழ் பாதி தாண்டினால்தான் கை எழுந்தது. பாதிக்குக் கீழே வாசித்தால் அவளுக்குப் பாட்டு தூரத்துத் தெருவில் போனது.

"ரெண்டாவதுதான் சரிக்கா" என்றான் தம்பி சுவரிடம்.

"உனக்குச் சரி. எனக்குப் பத்தாது. எனக்குக் கேக்குற இடத்துல அது தடியா இருக்கணும். உங்களுக்குக் குத்துற இடத்துல அடங்கி இருக்கணும். அப்படி ஒண்ணு இருக்கா இல்லையா?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். உள்ளே போய்த் தன் சொந்தக் கிட்டாரை எடுத்துவந்தார். "இதுவும் ரெட்டைச் சுருள்தான், வேற வகை. நடுக்குரல் மட்டும் தடிச்சது. ஆனா யாரும் வாங்க மாட்டாங்க. ஜலதோஷம் பிடிச்சவன் மூக்கால பாடுற மாதிரி இருக்கும்பாங்க."

"மூக்கால பாடட்டும். எனக்குக் கேட்டாச் சரி."

வாசித்தாள். நெஞ்சுக்கூட்டில் வந்து இடித்தது. கத்தியின் கூர்மை இல்லை. மம்பட்டிக் காம்பு கையில் உட்கார்கிற மாதிரி ஒரு பிடிமானம் இருந்தது. ஒவ்வொரு தட்டும் எங்கே விழுந்தது என்று தெரிந்தது. குமிழை மெல்ல மேலே கொண்டுபோனாள். பாதி தாண்டியும் கை எழவில்லை. இன்னும் கொஞ்சம். தம்பியின் கை எழுந்தது, கூடவே கடைக்காரரின் கையும். ஒரு மயிரிழை கீழே இறக்கினாள். கைகள் இறங்கின.

"இதைக் கட்டுங்க" என்றாள். இந்தத் தடவை அதே வகைப் பிக்கப் ஒன்றை உள்ளேயிருந்து எடுத்துவந்து கட்டினார்.

ரெட்டைச் சுருள் அகலமானது. அவளுடைய கிட்டாரின் குழிக்குள் போகாது. கடைக்காரர் ஆள் வைத்து வெட்டித் தருவதாகச் சொன்னார். இரும்பை வெட்டுகிறவள் மரத்துக்கு ஆள் வைப்பாளா? கிட்டாரைப் பட்டறைக்கே எடுத்துப்போனாள். சாப்பாட்டு நேரத்தில் உளியால் குழியை அகலப்படுத்தி, மேல்தகட்டை அரத்தால் ராவி, சுருளின் ஒயர்களைப் பற்றவைத்தாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்து மெஷினுக்குப் போகும் வழியில் ஆணியில் தொங்கிய காதுமூடியை எடுத்தாள். யாரும் போடாமல் தூசி படிந்து கிடந்தது. முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டாள். மேஸ்திரி அதை ஒரு பக்கம் விலக்கிக் கத்தினார்.

"என்ன தீப்பொறி, பாட்டு கேக்குறியா?"

"பாட்டு கேக்கணும்னுதான் போடுறேன்."

வீட்டில் மறுபடியும் ஒரு பரீட்சை. ஒவ்வொரு கிட்டார் கட்டைக்கும் குரல் வேறு, கடையில் பிடித்த அளவு இங்கே செல்லாது. கணவனும் தம்பியும் பீரோவைப் பார்த்து நின்றார்கள். கை எழுந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே, குமிழுக்குப் பக்கத்தில் தகட்டில் அரத்தால் ஒரு கோடு கீறினாள். அழியாத கோடு.

கணவன் பீரோவைப் பார்த்தபடியே சொன்னான். "சொன்னா நீ வாசிக்கிறதையே விட்டுடுவேன்னு பயந்துட்டேன்."

"மேட்டுல பிக்கப் இல்லைன்னு நீ வண்டியை விட்டுட்டியா? கியரை மாத்தி ஏத்துறேல்ல? திரும்பு, டிரம்ஸை வண்டியில ஏத்து."

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. விளக்குகளைப் போட்டார்கள். வண்டு வரவில்லை. மண்டபத்துக்காரர் கடைசி வரிசைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஒரு புது முகம். கீபோர்டுக்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் பாட்டிலேயே அவள் விரல் தன்னால் குமிழுக்குப் போனது. இத்தனை நாள் பழக்கம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காது கெஞ்சியது. கோட்டைப் பார்த்தாள். விரலைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். அடுத்த பாட்டிலும் அதே கெஞ்சல், அதே கோடு. முன்வரிசையில் ஒரு கிழவர் தொடையில் தாளம் போட்டார். காதைப் பொத்த அவருக்குக் கை ஒழியவில்லை.

கடைசிப் பாட்டில் கிட்டார் தனியாக எழும் இடம் வந்தது. தம்பி அவளுக்கு முதுகைக் காட்டி மேடையின் முன்னே நின்றிருந்தான். அவள் உச்சத்துக்கு ஏறினாள். அப்போது தம்பி கையைத் தூக்கினான்.

குத்துகிறதா? விரல் குமிழைத் தொட்டுவிட்டது. இப்போது இறக்கினால் பாட்டு பாதியில் படுத்துவிடும். கோட்டைப் பார்த்தாள். குமிழ் அசையாமல் கோட்டிலேயே நின்றது. அந்தக் கோடு அவள் கீறியது. தன் காதையும் சேர்த்து மூன்று பேர் காதை வைத்து அவள் ஒருத்தி கீறியது. தம்பியின் கை இறங்கவில்லை. அவளும் இறக்கவில்லை. விரலைக் கம்பிக்குக் கொண்டுவந்து, நினைத்ததை நினைத்தபடி அடித்து முடித்தாள்.

கைதட்டல் அடங்குவதற்குள் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எதுக்குடா கையைத் தூக்கினே?"

"கூட்டம் கத்துச்சு. நான் கை காட்டினேன்க்கா."

"இனிமே பாடுறப்போ கையைப் பாக்கெட்டுல வெச்சுக்க. உயிர் போயிடுச்சு எனக்கு."

ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மண்டபத்துக்காரர் வந்தார். தனியாகத்தான் வந்தார். "பரவாயில்லையே, இரைச்சலைச் சரி பண்ணிட்டியே."

"எந்த இரைச்சல்னு அன்னைக்கே விளக்கமாச் சொல்லியிருக்கலாம்ல?"

"இதுல என்னம்மா விளக்கம்? அந்தக் கிரீச்சு. ஏன், உனக்குக் கேக்கலையா?"

"கேக்கலை" என்றாள். ஒயரை இறுக்கிக் கட்டினாள். "அடுத்த சனிக்கிழமை இதே நேரம்தானே?"