பூப்பந்துக் களத்து மண்

சொந்தக் காட்டுக் கரிசல் மண்ணைக் கரைத்து ஊற்றிய தண்ணீரும் கடைவாய் வழியாகத் தலையணைக்கே வந்தது. சங்கையா பல்லை இறுகக் கடித்துக்கொண்டு கிடந்தார். மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

“பாலும் எறங்கல, காட்டு மண்ணும் எறங்கல. எந்த ஆச இந்த உசுரப் புடிச்சு வச்சிருக்கோ!” என்றாள் அவருடைய அக்காள் மூக்கம்மாள்.

சங்கையாவின் மனைவி தங்கத்தாய்க்குச் சிரிப்புத்தான் வந்தது. காட்டு மண்ணுக்கு இந்த மனுசன் ஏன் வாயைத் திறக்கப் போகிறார்? வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தக் காட்டை உழுததும் விதைத்ததும் அவள். பருத்தி எடுக்க ஆள் கிடைக்காமல் அவள் நாயாய் அலையும்போது, பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரான இவர் பையன்களை வரிசையாக நிறுத்திக் காற்றை அடிக்கப் பழக்கிக்கொண்டிருப்பார். பூப்பந்து ஆட்டமாம். மாதக்கணக்கில் பந்தைக் கண்ணில் காட்டாமல் வெறும் பேட்டை வீச வைப்பார். “மொதல்ல காலு, பெறகு இடுப்பு, கை கடேசி!” ஊரே சிரித்தது. பாளையம்பட்டிப் பயல்கள் கண்டபடி வீசியே இவர் பிள்ளைகளை வருசா வருசம் தோற்கடித்தார்கள். அப்போதும் புத்தி வரவில்லை.

“எந்த மண்ணுன்னு எனக்குத் தெரியும், மதினி” என்று எழுந்து போனாள்.

பள்ளிக்கூடத்துப் பூப்பந்துக் களத்தில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுத் தரை குழி விழுந்து கிடக்க, வண்டி வைத்துச் செம்மண் அடித்துத் தண்ணீர் தெளித்து அவர் தன் கையால் இறுக்கிய தரை. அவள் குனிந்து சுரண்டுவதைப் பார்த்து ஒருவன் ஓடிவந்தான்.

“சாரு எப்படிம்மா இருக்காக?”

“நீ தோளத் தூக்கி அடிக்கிற லெச்சணத்தப் பாத்தா இப்பவே செத்துப்போவாக. இடுப்பத் திருப்புலே, மூதேவி!”

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கு உறைத்தது. தன் மேலேயே எரிச்சல் வந்தது.

வீட்டில் செம்மண்ணை டம்ளரில் கரைத்து அவர் உதட்டில் வைத்தாள். சங்கையா வாயைத் திறந்தார். ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு. தொண்டை ஏறி இறங்கி அடங்கியது.

“போயிட்டானே என் தம்பி!” என்று மூக்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“பாத்தீகளா மதினி? நான் ஊத்துன கஞ்சிக்குத் தொறக்காத வாயி” என்றாள் தங்கத்தாய்.

தெருப் பெண்கள் வந்து கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். அவள் அழவில்லை. டம்ளரின் அடியில் தங்கியிருந்ததை விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தாள். வெறும் மண்ணாகத்தான் இருந்தது.