ஒட்டு வேலை

முப்பது வருடம் ஊருக்கெல்லாம் குழாய் பதித்த மனுஷன், தன் நெஞ்சுக்குள் இருக்கும் குழாயைப் பற்றி அடுத்தவர் சொல்வதைக் கேட்டுவிடுவாரா என்ன?

இதயத்திலிருந்து கிளம்பி வளையும் பெருங்குழாய், ஸ்கேன் படத்தில் உப்பிப்போய்த் தெரிந்தது. எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். வழி இரண்டு என்றார் டாக்டரம்மா. ஒன்று, நெஞ்சைத் திறந்து, உடம்பைக் குளிரவைத்து, ரத்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, கெட்ட வளைவை வெட்டியெடுத்துப் புதுக்குழாய் தைப்பது. மற்றது, மூளைக்குப் போகும் கிளைகளைக் கழுத்தில் கீறி வேறு பாதையில் இணைத்துவிட்டு, தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் மாதிரி ஓர் உறையை அனுப்பி வளைவுக்குள்ளேயே விரிப்பது.

"பழைய குழாய் அப்படியே உள்ள இருக்கும். அதானே?"

"ஆமா. ஓரத்துல கசிவு வரலாம். வருஷா வருஷம் ஸ்கேன் பார்க்கணும்."

"அப்போ ஒட்டு வேலை. நான் ஒரு வீட்டுலயும் செஞ்சதில்ல. வெட்டியே மாத்திடுங்க."

"நுரையீரல் பலமா இருந்தா அதுதான் நல்லது. ஊதிப் பார்த்த டெஸ்ட் ரெண்டுங்கெட்டானா இருக்கு. உண்மையைச் சொல்லுங்க, ரெண்டு மாடி நிக்காம ஏறுவீங்களா?"

"தோள்ல பைப்போட ஏறுவேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி வெடுக்கென்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாரே! ஆறு மாதமாக, முதல் மாடித் திருப்பத்திலேயே நின்று போனை எடுத்துப் பார்க்கிறார். பார்ப்பவர்களுக்கு ஏதோ அவசரச் செய்தி. மூச்சு வாங்குகிறது என்று தெரிந்தால் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம், பாவம். அவளும் கண்டும் காணாதவளாக இருந்துவிட்டாள்.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

"பொய்," என்றாள் மனைவி. "பதினஞ்சு படி தாண்ட மாட்டார்."

கணவர் முகம் சிவந்தது. எழுந்தே விட்டார். "உன்னை யாரு கேட்டா? முப்பது வருஷமா நான்... எத்தனை மாடி..."

மூச்சு அதற்கு மேல் வரவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். மறு கை தானாகப் பையிலிருந்து போனை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டியது. திரை கறுப்பாகவே இருந்தது.

டாக்டரம்மா அதைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இந்த மூச்சோட நெஞ்சைத் திறந்தா, மூச்சு மெஷினை விட்டு வெளிய வர்றது கஷ்டம் ஐயா."

அவர் உட்கார்ந்தார். போனைத் திரும்பப் பையில் போட்டார். கடைசியில் மனைவி பக்கம் திரும்பி, "ஒட்டுப் போட்டது நாளைக்கு ஒழுகிச்சுன்னா?" என்றார்.

"என்னைத் திட்டுங்க," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "திட்டுறதுக்கு நீங்க இருப்பீங்கல்ல."