சமையலறைக்கு அடியில் அரண்மனை

பழைய அரண்மனை மேட்டில் தொல்லியல் துறைக்காகப் பதினாறு வருடமாகத் தோண்டுகிறவன் அவன். எந்நேரமும் பிரஷ்ஷால் மண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் பிரஷ். எத்தனை ராஜாக்கள் ஆண்டார்கள் என்று கேட்டால் திருதிருவென விழிப்பான். செங்கல்லைக் காட்டினால் எந்தக் காலத்துச் சுவர் என்று சொல்லிவிடுவான்.

மேட்டைச் சுற்றியுள்ள வீடுகளில் எதற்கு அடியில் அரண்மனைச் சுவர் தட்டுப்பட்டாலும் அந்த வீட்டை விற்க முடியாது, இடிக்க முடியாது. அவன் வீட்டில் இதுவரை எதுவும் தட்டுப்படவில்லை. வாங்க ஆளும் வந்தாயிற்று. அவர் கேட்ட கக்கூஸ் குழியை மட்டும் வெட்டிக் கொடுத்துவிட்டால் குடும்பத்தோடு கிளம்பிவிடலாம்.

ஞாயிறு காலை இறங்கி வெட்டினான். இடுப்பளவு ஆழத்தில் மண்வெட்டி 'ணங்' என்றது. அரண்மனைக் காலத்து அகலச் செங்கல். சுவர் நேராகச் சமையலறைக்கு அடியில் ஓடியது.

மைத்துனன் எட்டிப் பார்த்தான். "மாமா, நாலு போடு போட்டு மண்ணைத் தள்ளிடுவோம். காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிடும். இருங்க, கடப்பாரை கொண்டாரேன்."

மைத்துனன் திரும்பி வருவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. பிரஷ் குழியின் ஓரத்தைச் செங்குத்தாகச் சீவி, செங்கல் இடுக்குகளைச் சுரண்டி, சுவரின் முகத்தைத் துடைத்து, படமெடுக்க வைப்பதுபோல் அளவுகோலையும் சாய்த்து வைத்திருந்தான். கை தன் பாட்டுக்குச் செய்திருந்தது.

"என்ன மாமா, கல்யாணப் பொண்ணு மாதிரி ஜோடிச்சு வச்சிருக்கீங்க!"

சிரிக்க நேரமில்லை. அவனிடம் இருந்த மேட்டுக் கிடங்கின் சாவியை வாங்கத் தொல்லியல் துறை அதிகாரியம்மா வந்து நின்றார்.

மனைவி முந்திக்கொண்டாள். "பழைய கிணறு மேடம். மாமியார் காலத்துல மூடினது."

"கிணத்தை யாரும்மா இப்படிச் சீவி வைப்பாங்க?" அதிகாரியம்மா அவனைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

"கிணறுதான் மேடம்."

"வளையவே இல்லையே."

அன்றைக்கே குழியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். "நாளையிலேர்ந்து உங்களுக்கு டியூட்டி இங்கதான். உங்க அளவுக்குச் சுத்தமா எடுக்க வேற ஆள் கிடையாது," என்று அதிகாரியம்மா பாராட்டிவிட்டுப் போனார்.

மனைவி அடுப்பைத் தூக்கி முன்னறையில் வைத்தாள். சாயங்காலம் அவனிடம் கேட்டாள்.

"அந்தச் சுவர் எங்க போய் முடியுது?"

இந்தத் தடிமனுள்ள சுவர் மூன்று வீடு தாண்டாமல் நிற்காது என்று அவனுக்குத் தெரியும்.

"தெரியலை."

"உங்களுக்கா தெரியாது?"

அவன் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு, சுவர் போகும் வழிக்குச் சமையலறைத் தரையில் கோடு போடப் போனான்.