தலைவரின் கண்ணாடி முகம்

மேல்மலையில் பூண்டு போடும் சிவமுருகன், ஊர்த் திருவிழாக் கமிட்டிக்குப் பதினெட்டு வருடமாகத் தலைவர். உயிரோடு இருக்கும்போதே தனக்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்துவிட வேண்டும் என்பது அவர் முடிவு. செத்த பிறகு கமிட்டிக்காரர்கள் வைப்பார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. முதலில் பிளெக்ஸ் அடித்துப் பார்த்தார். பனியில் ஒரே மாதத்தில் மீசைக்கு மேல் பூஞ்சை பிடித்தது. வட்டக்கானலில் ஜூலியட் என்ற பெண் சூளையில் கண்ணாடியை உருக்கிப் பாத்திரம் செய்கிறாள், அது எந்தப் பனிக்கும் அசையாது என்று யாரோ சொன்னார்கள். மனைவி முருகேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு வெள்ளனே முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்.

ஜூலியட்டின் சூளை கரண்டில் ஓடுவது. ஒரு பிரிட்ஜ் அளவுதான் இருக்கும். டூரிஸ்டுகள் எறிந்துவிட்டுப் போகும் பச்சை பீர் பாட்டில்களைப் பொறுக்கி, கழுவி, நொறுக்கி, தட்டும் கிண்ணமும் செய்து காட்டேஜ்களுக்குக் கொடுப்பாள். முகம் செய்ததில்லை என்று அவள் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்.

“பாட்டில நல்லாக் கழுவித்தான போடுவீங்க? நான் குடிக்கிறதில்ல.”

பெஞ்சில் அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, முகமெல்லாம் வாஸ்லின் தடவி, மூக்கில் இரண்டு ஸ்ட்ரா செருகினாள். மாவுக்கட்டுத் துணியை நனைத்து நெற்றியிலிருந்து தாடைவரை ஒட்டினாள். இருபது நிமிடம் முகம் அசையக் கூடாது, வாயைத் திறக்கவே கூடாது என்றாள்.

முருகேஸ்வரி பக்கத்தில் வந்து நின்றாள். “இருபது நிமிசமும் பேச முடியாதா தங்கச்சி?”

“முடியாதுக்கா.”

“நாம பேசுனா கேக்குமா?”

“கேக்கும்.”

முருகேஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அந்த மனிதர் எதிர்த்துப் பேசாமல் படுத்திருந்தது அன்றைக்குத்தான். தன் வளைகாப்பு நாளிலிருந்து மனக்குறைகளைச் சொல்லத் தொடங்கினாள். அது புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று தெரிந்ததும் ஜூலியட் பாட்டில் கழுவ வெளியே போய்விட்டாள். திரும்பி வந்தபோது முருகேஸ்வரி சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்து, பத்து மூட்டை இறக்கிவைத்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கட்டைக் கழற்றியதும் சிவமுருகன் முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

கட்டுக்குள் பிளாஸ்டர் ஊற்றி எடுத்தபோதுதான் ஜூலியட் பார்த்தாள். உதட்டின் இடது ஓரம் மேலே ஏறியிருந்தது. சிவமுருகன் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று முருகேஸ்வரியே சொல்லியிருந்தாள். துணி நழுவியிருக்கும் என்று நினைத்து, சீவிச் சரிசெய்யக் கத்தியை எடுத்தாள். ஏனோ மனசு வரவில்லை. அந்த முகத்தைச் சுற்றி, சூடு தாங்கும் கலவையில் அச்சு எடுத்தாள். குழிக்குள் கண்ணாடித் தூளை நிரப்பிச் சூளையில் வைத்தாள். எண்ணூற்று முப்பது டிகிரியில் தூள் உருகி ஒன்றானது. அவசரமாக ஆறினால் கண்ணாடி வெடித்துவிடும் என்பதால் மூன்று நாள் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். நாலாம் நாள் அச்சை உடைத்தபோது, பச்சை நிறத்தில் சிவமுருகன் சிரித்துக்கொண்டிருந்தார்.

கமிட்டி அறையில் முகத்தை மாட்டினார்கள். அடுத்த வாரமே சிவமுருகனுக்குக் காய்ச்சல். கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டாம் என்று செயலாளர் வேலுச்சாமி கண்ணாடி முகத்தை இறக்கித் தலைவர் நாற்காலியில் வைத்தார். எல்லாரும் அதன் முன்னால் போய்த் தங்கள் குறையைச் சொன்னார்கள். அது யாரையும் அதட்டவில்லை, குறுக்கே பேசவும் இல்லை. ஒன்பது வருடமாக இழுத்துக்கொண்டிருந்த ஓடைத்தண்ணீர் முறைத் தகராறு அன்றைக்கு அரை மணி நேரத்தில் தீர்ந்தது. கூட்டம் முடிந்ததும் வேலுச்சாமி சிவமுருகன் வீட்டுக்கு வந்து, உடம்பு முக்கியம், தலைவர் நன்றாக ஓய்வெடுக்கட்டும் என்று ரொம்பப் பரிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சிவமுருகன் ஒரு பூண்டுச் சாக்கோடு ஜூலியட் முன்னால் நின்றார். சாக்குக்குள் முகம்.

“இதத் திரும்ப அடுப்புல வச்சு, வாய மட்டும் சரி பண்ணிக் குடும்மா.”

வாய் மட்டும் இளகாது, சூடு ஏறினால் மூக்கு, நெற்றி எல்லாம் சேர்ந்து அமர்ந்து தோசை மாதிரி ஆகிவிடும் என்று ஜூலியட் விளக்கினாள். அவர் முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகு நேரம் பார்த்தார். துணி நழுவியதுதான், தப்பு தன் பேரில்தான் என்று அவளே மன்னிப்புக் கேட்கப் போனாள்.

“நழுவலம்மா. சிரிச்சேன்.”

காரணத்தையும் அவரே சொன்னார். மூட்டை சுமக்க அவரிடம் ஒரு மட்டக்குதிரை உண்டு. சாயங்காலம் கொட்டடிக்குப் போனால் அதோடுதான் பேச்சு. வீட்டில் பேசாததையெல்லாம் அதனிடம் பேசுவார்.

“அதுக்கு நான் அவ பேரையே சுருக்கி முருகேசுன்னு வச்சிருக்கேன். யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். அவ அன்னைக்குச் சொல்றா, நீங்க குதிரையக் கூப்பிடும்போதெல்லாம் நானும் செவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு ‘ம்’ போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்னு. அதுவும் பன்னெண்டு வருசமா.”

ஜூலியட் அடுப்பைப் பற்றவைத்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு முகத்தைச் சாக்கில் சுற்றி, உடையாமல் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

முகத்தைக் கமிட்டி அறையிலேயே திரும்ப மாட்டினார். பங்குனியில் கமிட்டித் தேர்தல் நடந்தது. கண்ணாடி முகம் ஏகமனதாகத் தலைவரானது. கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்பதால் சிவமுருகனைத் துணைத்தலைவராக்கினார்கள். அவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வீட்டில் சோலி கிடக்கிறது, கூட்டத்தை வெரசா முடியுங்கள் என்று மட்டும் சொன்னாராம்.

சித்திரையில் ஜூலியட்டுக்கு வேலுச்சாமியிடமிருந்து கமிட்டி லெட்டர்பேடில் ஒரு கடிதம் வந்தது. தலைவருக்குக் காது இல்லாததால், சொல்வது எட்டுகிறதா என்று மனுதாரர்கள் சந்தேகப்படுகிறார்கள், இரண்டு காது செய்து தரவும் என்று எழுதியிருந்தது. ஜூலியட் செய்தாள். சூளை ஆறிக்கொண்டிருந்தபோது மழையில் கரண்ட் போய், இடது காது இரண்டாகப் பிளந்தது. வலது காதை மட்டும் வைக்கோல் சுற்றி பஸ்ஸில் அனுப்பினாள். போதும், இப்போது எல்லாரும் வலது பக்கம் உட்கார்ந்துகொள்கிறோம் என்று பதில் வந்தது.