சிவப்பு ஸ்டிக்கர்

அவளுக்கு முசுடு என்று பெயர் வைத்தது தையல் பிரிவு முழுக்கச் சேர்ந்துதான். பத்தொன்பது வயதில் அப்படியொரு கடுகடுத்த முகம். தைத்து வரும் சட்டைகளை விளக்கடியில் விரித்துப் பார்த்து, பிழை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. சிவப்பு ஒட்டுகிறவளிடம் யார் சிரித்துப் பேசுவார்கள்?

வாயாடி பேசினாள். அவளுக்கும் அதே வயதுதான். காலர் மெஷினில் உட்கார்ந்து ஓயாமல் கதையளப்பாள். ஆனால் காலர் முனை இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், துணி மூட்டைகளுக்குப் பின்னால் முசுடை இழுத்து முத்தம் கொடுத்தாள்.

"இப்பவாவது ஏதாவது பேசேன்டி."

முசுடுக்கு நாக்கு எழவில்லை. ஆனால் அன்று வீட்டில் பாத்திரம் கழுவும்போது பாடினாள். அக்கா பயந்தே போனாள்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. நகரத்தின் மறுகோடியில் கம்பெனிக்கு இன்னொரு பிரிவு இருந்தது. இந்த வாரம் சிவப்பு விழாமல் இருந்தால் வாயாடியைக் கூடுதல் சம்பளத்தோடு அங்கே அனுப்புவதாகச் சூப்பர்வைசர் சொன்னார்.

"எனக்கு விழுமா என்ன? செக்கிங்ல இருக்கறது என் ஆளாச்சே!" என்று முசுடைப் பார்த்துக் கண்ணடித்தாள் வாயாடி.

போய்விடுவாள். அங்கே சிரித்த முகத்தோடு எவளாவது கிடைப்பாள். முசுடுக்கு வயிறு எரிந்தது. போகாதே என்று கேட்க வாய் வரவில்லை, கை வந்தது. நல்ல காலர் ஒன்றில் சிவப்பை ஒட்டினாள். பிறகு இன்னொன்றில். வாரக் கடைசிக்குள் ஒரு குவியலே சேர்ந்துவிட்டது. மாற்றல் நின்றுபோகும், வேறென்ன ஆகிவிடும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். புத்தி கெட்ட கழுதை!

சனிக்கிழமை சூப்பர்வைசர் அந்தச் சட்டைகளை மேசையில் கொட்டினார். ஒன்றைக்கூட விரித்துப் பார்க்கவில்லை. முசுடின் கண்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

"சதா வாய் பேசிக்கிட்டிருந்தா வேலை எப்படி ஒழுங்கா வரும்? ஏம்மா, நீ நல்லாப் பாத்துத்தானே ஒட்டின?"

மெஷின்கள் நின்றன. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் தன் வேலை போகும். முசுடு ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"திங்கக்கிழமை நீ வர வேணாம்" என்றார் அவர் வாயாடியிடம்.

வாயாடி சண்டை போடவில்லை. கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு செக்கிங் மேசைக்கு வந்தாள். மேலே கிடந்த காலரை விரலால் தடவினாள்.

"என் தையல் எனக்குத் தெரியாதா? ஏன்டி?"

"நீ போயிடுவியோன்னு..."

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருப்பேனா?"

முசுடு ஸ்டிக்கர் தாளின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். வாயாடி கொஞ்ச நேரம் காத்து நின்றாள். பிறகு போய்விட்டாள். அதன்பின் போனையும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை அந்த மெஷினில் புதிதாக ஒருத்தி உட்கார்ந்தாள். காலர் ஒவ்வொன்றும் கோணல்மாணலாக வந்தது. முசுடு எல்லாவற்றையும் விளக்கடியில் விரித்துப் பார்த்தாள். ஸ்டிக்கர் தாள் கையருகிலேயே இருந்தது. சாயங்காலம் வரை அதிலிருந்து ஒன்றைக்கூட உரிக்கவில்லை.